சுங்கை சிப்புட் கடைத்தெருவின் ரத்தப் பரிசோதனை பேக்கேஜ்: எதற்குக் காசு தரலாம், எதற்கு வேண்டாம்

ரத்தம் எடுப்பதில் குறை சொல்ல இடமில்லை. குறை பேக்கேஜில்தான் இருக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கடைவரிசையில் காலை ஏழரைக்கே கதவைத் திறக்கும் தனியார் பரிசோதனை நிலையம் ஒன்று, ‘முழு உடல் பரிசோதனை’ என்று நாற்பதுக்கு மேற்பட்ட அளவுகளை ஒரே விலைக்கு விற்கிறது. பெயர் போடவில்லை. இதே மாதிரிப் பட்டியலை மற்றச் சிற்றூர்களிலும் வேறு வேறு பெயர்ப்பலகையின் கீழ் விற்கிறார்கள்; இங்கே சொல்வது அவற்றுக்கும் பொருந்தும். விலையும் போடவில்லை. தீபாவளிச் சலுகை, அன்னையர் தினச் சலுகை என்று அது மாறிக்கொண்டே இருக்கிறது.

இங்கே வருகிற பெண்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: அசதி. கூடவே முடி கொட்டுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் மரத்துப்போகிறது, சாப்பாடு குறைத்தும் எடை ஏறுகிறது. இதற்கெல்லாம் தைராய்டும் காரணமாகலாம், இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம், பி12 குறைவும் காரணமாகலாம். இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். ஆகவே இந்த மூன்றையும் இந்த பேக்கேஜ் எவ்வளவு ஒழுங்காகப் பிடிக்கிறது என்பதை வைத்தே மதிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ரத்தம் எடுக்கும் பெண் கையில் பட்டை கட்டி ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுகிறார். நேரம் கடந்தால் ரத்தம் அந்த இடத்தில் தேங்கி, புரதம், கால்சியம் போன்ற அளவுகள் பொய்யாக ஏறும். குழாய்களின் வரிசையும் சரி: மஞ்சள் மூடி முதலில், ஊதா மூடி அடுத்து, சர்க்கரைக்கான சாம்பல் மூடி கடைசியில். இந்த வரிசை சடங்குக்காக வைத்ததல்ல. ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்ட மருந்தில் பொட்டாசியம் இருக்கிறது. அது ஒரு துளி மஞ்சள் குழாய்க்குள் போனாலும் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி, இல்லாத நோய் ஒன்று தாளில் முளைத்துவிடும். ஊதாக் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புகிறார், குலுக்குவதில்லை. குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். குழாயில் பெயரையும் மைகார்டு (அடையாள அட்டை) எண்ணையும் நோயாளியின் கண் முன்னாலேயே ஒட்டுகிறார். இதைப் பெரிய மருத்துவமனைகளிலேயே சில இடங்களில் காண முடிவதில்லை.

குறை தொடங்குவது அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில். கவுன்டரில் கேட்கப்படுவது ஒரே கேள்வி.

“பசியாறிட்டீங்களாக்கா?”

“இல்லைம்மா, தண்ணி மட்டுந்தான் குடிச்சேன்.”

அவ்வளவுதான், உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அந்தக் கேள்வி போதும். தைராய்டுக்கும் வைட்டமினுக்கும் கேட்க வேண்டியது வேறு: “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? முடிக்கு, நகத்துக்கு ஏதாவது எடுக்கிறீங்களா?” இந்தக் கேள்வியை விண்ணப்பப் படிவமும் கேட்கவில்லை. அதே கவுன்டரின் கண்ணாடி அலமாரியிலோ பயோட்டின் மாத்திரை டப்பாக்கள் அடுக்கி வைத்து விற்பனைக்கு இருக்கின்றன.

பயோட்டின் நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்பது கணக்கு. முடி மாத்திரை ஒன்றில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். உடம்புக்கு அது பெரிய கெடுதல் செய்வதில்லை, பரிசோதனையைத்தான் கெடுக்கும். பல கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிதந்தால் ஒட்ட வேண்டிய இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். விளைவு, தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனான டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் டி4 பொய்யாக ஏறியும் வரும். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்யும் நோயின் அசல் படம் போலவே தாள் தெரியும். அதே மாத்திரையால், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாகவும், பி12-உம் வைட்டமின் டி-யும் உள்ளதைவிட அதிகமாகவும் காட்டலாம். அதாவது இரும்பு போதுமான அளவு இருப்பவருக்கு இல்லை என்றும், பி12 இல்லாதவருக்கு இருக்கிறது என்றும் தாள் சொல்லும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. சில நிறுவனங்கள் தங்கள் கருவிகளில் இந்தக் குறையைத் திருத்தியிருக்கின்றன. உங்கள் ரத்தம் எந்தக் கருவியில் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாது என்பதால் முடி மாத்திரையைக் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு வாருங்கள். ஒருவேளை நிறுத்தாமல் கொடுத்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கக்கூடும்.

இனி தைராய்டுப் பக்கம். பேக்கேஜில் டி.எஸ்.எச். மட்டும்தான் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்று பலருக்குக் குழப்பம், ஏனென்றால் தைராய்டு குறைந்தால் இந்த எண் ஏறும். தோட்டத்தில் காலைப் பெரட்டை, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதை, நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைந்தால் மண்டோரின் (மேற்பார்வையாளரின்) குரல் உயரும். ஆள் தேவைக்கு மேல் நின்றால் குரல் அடங்கும். டி.எஸ்.எச். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் குரல், டி4 வேலைக்கு வந்த ஆள். பெரும்பாலான தாள்களில் டி.எஸ்.எச். லிட்டருக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை இயல்பு என்றும், ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் ஓடும் டி4) சுமார் 10 முதல் 20 பிகோமோல் என்றும் போட்டிருக்கும். கருவிக்குக் கருவி எல்லை மாறும். ஆகவே போன வருடம் ஈப்போவில் எடுத்த எண்ணையும் இங்கே எடுத்த எண்ணையும் ஒப்பிடும்போது பக்கத்தில் அச்சாகியிருக்கும் எல்லையையும் சேர்த்துப் பாருங்கள்.

டி4 கொஞ்சம் குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும் என்பதால் முதல் பரிசோதனையாக அதை வைத்தது நியாயம்தான். ஆனால் அது மட்டும் போதாத இடங்கள் உண்டு. டி.எஸ்.எச். 6 அல்லது 7 என்று வந்தால் டி4 இயல்பா, குறைவா என்று தெரியாமல் எந்த டாக்டரும் முடிவெடுக்க முடியாது. பிரசவத்தில் கடுமையாக ரத்தம் போன பெண்களில் சிலருக்குப் பிட்யூட்டரியே பழுதாகியிருக்கும். மண்டோரே நோயில் படுத்துவிட்டால் குரலை வைத்து ஆள் கணக்குப் போட முடியாது. அவர்களுக்கு டி.எஸ்.எச். இயல்பாகவே தெரியும், டி4 அடிமட்டத்தில் இருக்கும். ஆகவே ஃப்ரீ டி4-ஐச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இன்னொரு தைராய்டு ஹார்மோனான டி3 வேண்டாம், தைராய்டு குறைவுக்கு அது ஒன்றும் சொல்லாது. டி.எஸ்.எச். மிகக் குறைவாக வந்தால்தான் டி3-க்கு வேலை.

விலை கூடிய பேக்கேஜில் ஆன்டி டிபிஓ என்ற எதிர்ப்பொருள் பரிசோதனையும் வருகிறது. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். உடம்பின் தற்காப்பே தைராய்டை அரிக்கிறது என்று ஒரு முறை உறுதியான பிறகு, அந்த எண் 300-இலிருந்து 200-க்கு இறங்கியதா என்று வருடா வருடம் பார்ப்பதில் சிகிச்சைக்கு எந்தப் பயனும் இல்லை.

டி.எஸ்.எச். 4-க்கும் 10-க்கும் இடையில், டி4 இயல்பு என்று வந்தால் உடனே மாத்திரை என்று ஓடாதீர்கள். காய்ச்சலிலிருந்து எழுந்திருக்கும் நேரத்தில், தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள், இந்த எண் சற்று ஏறும். வயது கூடினாலும் கொஞ்சம் ஏறும். இரவிலும் விடியற்காலையிலும் உச்சத்தில் இருந்து பிற்பகலில் இறங்கும். அதனால் இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே காலை நேரத்தில், அதே நிலையத்தில் மறுபடி எடுப்பதுதான் முறை. இரண்டாவது முறையும் ஏறியே இருந்தால் அப்போது பேசலாம். 10-ஐத் தாண்டினால் பொதுவாக மருந்து தொடங்குவார்கள். கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவர்களுக்கு எல்லை வேறு, அவசரமும் வேறு. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுக்கிறவர் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே கிளினிக்குக் கூப்பிட வேண்டும். பெரும்பாலோருக்கு அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும்.

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் எடுக்கிறவர்கள் பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போடுங்கள். முன்பே போட்டால் சில மணி நேரத்துக்கு டி4 தற்காலிகமாக ஏறிக் காட்டும். அளவு மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் ஆகாமல் டி.எஸ்.எச். எடுப்பது காசைக் கரைக்கிற வேலை. மருந்து பாதியாகக் கழியவே ஏழு நாள் ஆகும், பிட்யூட்டரி அதைப் புரிந்துகொள்ள இன்னும் வாரங்கள் எடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் பசியாற வேண்டும். காப்பியும் அதன் பிறகுதான். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளி. ‘மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன், டி.எஸ்.எச். மட்டும் இறங்கவில்லை’ என்று சொல்கிறவர்களின் கைப்பையைத் திறந்தால் இரண்டு மாத்திரையும் ஒரே டப்பாவில், ஒரே அறையில், ‘காலை’ என்று எழுதிய இடத்தில் கிடக்கும். இரும்பு அந்தத் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது.

இந்த பேக்கேஜின் பெரிய ஓட்டை இரும்பில்தான். ‘அயர்ன்’ என்று பட்டியலில் இருக்கிறது. பார்க்கிறவர் இரும்புச்சத்துப் பரிசோதனை ஆயிற்று என்று நம்பிவிடுவார். அது சீரம் அயர்ன், அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இரும்பு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும். முந்தைய இரவு இரும்பு மாத்திரை போட்டிருந்தால் தூக்கிக் காட்டும். சேமிப்பில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது ஃபெரிட்டின். பையிலிருக்கும் சில்லறையை எண்ணிவிட்டு வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஃபெரிட்டின் இல்லாத பரிசோதனையை இரும்புப் பரிசோதனை என்று விற்கவே கூடாது. ஒரே மஞ்சள் குழாயிலிருந்து செய்யக்கூடியது, கூடுதல் ஊசி தேவையில்லை. பேக்கேஜ் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஃபெரிட்டினைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறந்து வீட்டுக்குப் போய்விட்டாலும் மறுநாள் போன் செய்து கேட்கலாம். மீதி சீரத்தைச் சில நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பார்கள்.

பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் போனால் சேமிப்பு காலி என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடைமுறையில் பல டாக்டர்கள் 30-க்குக் கீழேயே குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது சரியான பழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உடம்பில் காய்ச்சலோ, புண்ணோ, மூட்டு வீக்கமோ இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறும். அப்போது 50 என்று வந்தாலும் இரும்பு குறைவாகவே இருக்கலாம்; அதனால்தான் அழற்சி இருப்பவர்களுக்கு அதே நிறுவனம் எல்லையை 70-க்கு உயர்த்தி வைத்திருக்கிறது. காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு வருகிறவருக்கு ‘ஃபெரிட்டின் இயல்பு’ என்ற வரி ஆறுதல் அல்ல.

முழு ரத்த எண்ணிக்கைப் பக்கத்தை மட்டும் பொறுமையாகப் படித்தாலே நிறையப் புரியும். ஒரு மாதிரித் தாளை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 10.4. சிவப்பணு எண்ணிக்கை 4.5. எம்.சி.வி. 71. ஆர்.டி.டபிள்யூ. 18. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் போனால் சோகை, ஆணுக்கு 13. ஆக, இது சோகை. எம்.சி.வி. ஒரு சிவப்பணுவின் பருமன். 80-க்குக் கீழ் என்றால் அணுக்கள் சிறுத்துவிட்டன. ஆர்.டி.டபிள்யூ. 18 என்றால் அணுக்கள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கின்றன. இரும்பு தீரத் தீரப் பிறந்த அணுக்கள் ஒன்றைவிட ஒன்று சிறுத்துப் பிறந்ததன் அடையாளம் அது.

இப்போது அடுத்த தாள். ஹீமோகுளோபின் 11.4, எம்.சி.வி. 64, சிவப்பணு 5.8, ஆர்.டி.டபிள்யூ. 14.5. அணு இன்னும் சிறியது, ஆனால் எண்ணிக்கை அதிகம், எல்லாம் ஒரே அளவு. இது இரும்புக் குறைவு மாதிரி இல்லை, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர் மாதிரி இருக்கிறது. எம்.சி.வி.-யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முதல் தாளில் ஏறக்குறைய 16, இரண்டாவதில் 11. 13-க்குக் கீழ் வந்தால் தலசீமியாவை நினை, மேலே வந்தால் இரும்பை நினை என்பது பழைய கணக்கு. குறி மட்டும்தான், தீர்ப்பு அல்ல. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களிடம் இந்தக் கணக்கு வழுக்கிவிடும்.

மலேசியாவில் இதை யாரும் ஒதுக்கிவிட முடியாது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், நம்மவர்களிடமும் இருக்கிறார்கள். பள்ளிகளில் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பரிசோதனை நடப்பது இதனால்தான். அப்படிச் சுமப்பவர்களுக்கு, ஃபெரிட்டின் பார்க்காமல், ‘சோகை’ என்று வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தால் தேவையில்லாத இரும்பு உடம்பில் சேரும். மறுபக்கம், இரும்புக் குறைவு இருக்கும்போது தலசீமியாவுக்கான ஹீமோகுளோபின் பகுப்பைச் செய்தால் ஏ2 என்ற பகுதி குறைந்து காட்டி, பீட்டா தலசீமியா மறைந்துபோகும். முதலில் இரும்பை நிரப்பிவிட்டு அந்தப் பரிசோதனையைச் செய்வது நல்லது. கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தாளில் எம்.சி.வி. குறைவாக இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கணவன் மனைவி இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்குக் கடுமையான நோய் வருவதற்கு.

இன்னொன்று, எங்கும் அச்சாகாதது. அதே பேக்கேஜில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும், எச்.பி.ஏ1சி, இருக்கிறது. இரும்புக் குறைவுச் சோகை இருந்தால் அந்த எண் பொய்யாக ஏறலாம். சிவப்பணு சீக்கிரம் அழியும் சில ரத்தக் கோளாறுகளில் பொய்யாக இறங்கும். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. ஹீமோகுளோபின் 9-இல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எச்.பி.ஏ1சி 6.6 என்று வந்தால், ‘சர்க்கரை வந்துவிட்டது’ என்று முத்திரை குத்துமுன் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே தாளில், இரண்டு பக்கம் தள்ளி அச்சாகியிருக்கின்றன. சேர்த்துப் படிக்க யாரும் இல்லை.

இரும்பு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் ஏன் குறைந்தது என்று கேட்பதுதான் அடுத்த வேலை. மாதவிடாய் வயதுப் பெண்களிடம் பெரும்பாலும் அதிக உதிரப்போக்கு காரணம். கட்டிகளாகப் போகிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேடு மாற்ற வேண்டியிருக்கிறதா, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா என்று கேட்டால் தெரிந்துவிடும். தைராய்டு குறைந்தாலே உதிரப்போக்கு அதிகமாகும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். முதுகுவலி, முழங்கால்வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தை வெளியேற்றும். பெருங்குடல் புற்றுநோய் முதலில் சோகையாகவே தலைகாட்டுவதுண்டு. அறுபது வயது ஐயாவுக்கு ஹீமோகுளோபின் 10 என்று வந்த தாளைக் கையில் கொடுத்து ‘அயர்ன் சாப்பிடுங்க அங்கிள்’ என்று அனுப்புவது இந்த மாதிரி இடங்களில் நடக்கிற மிக ஆபத்தான தவறு.

மாத்திரையைப் பொறுத்தவரை, 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட்டில் அசல் இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஒரு நாளைக்கு மூன்று என்று விழுங்கினால் மூன்று மடங்கு சேரும் என்று எண்ண வேண்டாம். ஒரு மாத்திரை போட்டவுடன் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, அடுத்த 24 மணி நேரத்துக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று என்று எடுத்தால் மாத்திரைக்கு மாத்திரை அதிகம் உறிஞ்சப்படுகிறது, வயிற்றுவலியும் மலச்சிக்கலும் குறைகின்றன. டாக்டரிடம் கேட்டு இப்படி மாற்றிக்கொள்ளலாம். சாப்பாட்டோடு தே தாரிக் குடிக்கும் பழக்கம் இரும்பின் எதிரி. தேநீரின் டானின் அதைக் கட்டிப்போடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ ஒரு கொய்யாப்பழமோ சேர்ந்தால் கீரையிலிருக்கும் இரும்பும் நன்றாக ஏறும். மலம் கறுத்துப்போவது மாத்திரையின் நிறம்தான். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது ரத்தம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை வேலை செய்தால் மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்று, இரண்டு கிராம் ஏறியிருக்கும். ஏறிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். இயல்புக்கு வந்த பிறகும் இன்னும் மூன்று மாதம் எடுத்தால்தான் சேமிப்பு நிறையும்.

பி12 இந்த பேக்கேஜில் இல்லை, அதற்கு மேல் விலையுள்ளதில் இருக்கிறது. யாருக்குத் தேவை என்பது தெளிவு. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள், சைவ உணவுக்காரர்கள், வயிற்றெரிச்சலுக்கு ஓமெப்ரசோல் நெடுநாள் எடுப்பவர்கள், வயதானவர்கள். கால் மரத்துப்போவதைச் ‘சர்க்கரை நரம்பு’ என்று தள்ளிவிடுவார்கள்; அதில் ஒரு பங்கு மெட்ஃபார்மினால் வந்த பி12 குறைவாக இருக்கலாம், அதைச் சரிசெய்ய முடியும். 150 பிகோமோலுக்குக் கீழ் தெளிவான குறைவு. 150-க்கும் 220-க்கும் இடையில் சந்தேக எல்லை, அறிகுறி இருந்தால் சும்மா விடக் கூடாது. தாளில் அலகைப் பாருங்கள்: பிகோகிராமில் போட்டிருந்தால் 0.74-ஆல் பெருக்கினால் பிகோமோல் வரும். பி12 குறைந்தால் சிவப்பணு பெருக்கும், இரும்பு குறைந்தால் சிறுக்கும். இரண்டும் ஒரே ஆளுக்குக் குறைந்தால் எம்.சி.வி. நடுவில் 88 என்று இயல்பாக நின்று ஏமாற்றும். ஆர்.டி.டபிள்யூ. மட்டும் ஏறிக் காட்டிக்கொடுக்கும்.

ஊசி போட்ட பிறகு பி12 அளவு பார்ப்பதில் பயனில்லை. முதலில் ரத்தம், பிறகு ஊசி. ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்தால் சோகை சரியாகும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். மருந்துக்கடையில் விற்கும் பி1, பி6, பி12 கலந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போடுகிறவர்கள் கவனிக்க: பி6 அளவு மீறினால் அதுவே காலை மரத்துப்போக வைக்கும். உணவில் மீன், முட்டை, பால், தயிர், கெராங் என்ற சிப்பி ஆகியவற்றில் பி12 உண்டு. கீரையிலும் டோஃபுவிலும் இல்லை.

வைட்டமின் டி-க்குச் சுருக்கமாகச் சொல்லலாம். லிட்டருக்கு 50 நானோமோலுக்குக் கீழ் குறைவு, 30-க்குக் கீழ் கடுமை. வெயில் நாட்டில் எப்படிக் குறையும் என்று கேட்பவர்களுக்கு: ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது விடியுமுன், செம்பனைத் தோப்புக்குள் நிழல், கொசுவுக்கு முழுக்கை, தலைக்குத் துணி, கறுத்த தோல். தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகளுக்கு அந்த வெயிலும் இல்லை. ஆனாலும் உடல்நலத்தோடு இருக்கும் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. எலும்பு வலி, எலும்பு முறிவு, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் எடுக்கட்டும்.

பேக்கேஜின் மீதிப் பக்கங்களில் நான்கைந்து புற்றுநோய்க் குறியீடுகள். சி.ஏ.125 என்ற எண் மாதவிடாய் நாளிலும் ஏறும், கருப்பைக் கட்டியிலும் ஏறும். அறிகுறியில்லாத பெண்ணுக்கு அதை எடுத்துவிட்டு, சிவப்பு நட்சத்திரத்தோடு தாளைக் கொடுத்து, இரண்டு வாரம் தூக்கமில்லாமல் செய்வது அநியாயம். அந்தக் காசு ஃபெரிட்டினுக்கும் ஃப்ரீ டி4-க்கும் போயிருக்க வேண்டும்.

ஆகவே கவுன்டரில் பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லி, தனித்தனி விலைப்பட்டியலைக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். அசதிக்காகப் போகிறவர் முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தையும் எழுதச் சொல்லலாம். மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர் பி12-ஐயும் சேர்க்கலாம். அதற்கு முன் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். முழு ரத்த எண்ணிக்கை எளிதாகக் கிடைக்கும்; மற்றவை டாக்டர் தேவையென்று எழுதினால் நடக்கும். ‘அசதி’ என்று மட்டும் சொல்லாமல் உதிரப்போக்கு, மெட்ஃபார்மின், கால் மரத்தல், வீட்டில் யாருக்குத் தைராய்டு என்பதைச் சொன்னால் எழுதுவார்கள். காத்திருப்பு நீளம், ஆனால் தாளைப் படிக்க ஒரு டாக்டர் இருக்கிறார். தனியார் நிலையத்தின் தாளையும் அங்கேயே கொண்டுபோய்க் காட்டலாம்.

போகும் நாளைப் பற்றி ஒரு விஷயம். இங்கே எடுக்கும் ரத்தம் வேனில் ஈப்போவுக்குப் போய்த்தான் ஓடுகிறது. சனிக்கிழமை மதிய வேன் போன பிறகு எடுக்கும் குழாய்கள் திங்கள்வரை காத்திருக்கின்றன. ஊதாக் குழாய் ஒரு நாளைத் தாண்டினால் சிவப்பணுக்கள் ஊதத் தொடங்கி, எம்.சி.வி. உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். 76 என்று வர வேண்டியது இயல்பு எல்லைக்குள் ஏறிவிடலாம். வார நாளில், காலை ஒன்பதுக்குள் போய்க் கொடுத்து, முடிவை முழுத் தாளாக வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.